வண்ணம் கடைசி வேலை அல்ல

சுயாதீன அனிமேஷன் படம் எடுக்கப் போகிறேன் என்பவருக்கு எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அறிவுரைதான் வருகிறது: கதையை முடி, பாத்திரங்களை அசைய வை, பின்னணியையும் கலரையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பறையில் இதைச் சொல்கிறார்கள், ஸ்டூடியோவில் சொல்கிறார்கள், பணம் போடுகிறவர்களும் சொல்கிறார்கள். அட்டவணையில் பின்னணி ஓவியத்துக்குக் கடைசி மாதங்கள் ஒதுக்கப்படுகின்றன. வேலை இழுத்துக்கொண்டு போனால் முதலில் வெட்டுப்படுவதும் அந்த மாதங்கள்தான். இந்தக் கருத்து தவறானது. பெரிய ஸ்டூடியோவைவிடச் சிறிய படத்தையே அது அதிகம் கெடுக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். கதை இல்லாத படத்தை எவ்வளவு அழகான ஓவியத்தாலும் காப்பாற்ற முடியாது என்கிறார்கள், உண்மை. ஸ்டோரிபோர்டு கடைசிவரை மாறிக்கொண்டே இருக்கும், முன்கூட்டித் தீட்டிய பின்னணிகள் குப்பைக்குப் போகும் என்கிறார்கள், அதுவும் நடக்கிறது. நான்கைந்து பேர் செய்யும் படத்தில் உழைப்பின் பெரும்பகுதி அசைவுக்கே போய்விடும், மிச்சமிருக்கும் தெம்பில்தான் பின்னணியைத் தீட்ட முடியும் என்கிறார்கள். குச்சி மனிதர்களை வரைந்தே உலகப் புகழ் பெற்ற டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட்டைச் சான்றுக்கு அழைக்கிறார்கள். கணினியில் கிரேடிங் செய்து நிறத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், இப்போது செயற்கை நுண்ணறிவே பின்னணியைத் தந்துவிடும் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அனுபவசாலிகள் சொல்லும் வாதங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த எண்ணம் நம்மிடையே இவ்வளவு ஆழமாக வேரூன்ற ஒரு தொழில் காரணம் உண்டு. இந்திய அனிமேஷன் பெரும்பாலும் வெளிநாட்டு ஒப்பந்த வேலையில் வளர்ந்தது. எந்தக் காட்சி எந்த வெளிச்சத்தில் நடக்க வேண்டும், யாருடைய சட்டை என்ன நிறம் என்பதையெல்லாம் அங்கேயே முடிவு செய்து அனுப்பினார்கள். இங்கே நடந்தது முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் இடைப்படம் வரைதல், கோடு சுத்தம் செய்தல், கொடுத்த நிறத்தை நிரப்புதல். இரண்டு தலைமுறைக் கலைஞர்கள் வண்ணத்தை முடிவு என்று கற்கவில்லை, நிரப்பும் வேலை என்று கற்றார்கள். அந்தத் தொழிற்சாலை வரிசைக்கிரமத்தை, சொந்தப் படம் எடுக்கும்போதும் இயற்கை விதியைப்போலப் பின்பற்றுகிறோம்.

1. கண் பாத்திரத்தை மட்டும்தான் பார்க்கிறது என்பது

பாத்திரத்தைக் கண் பார்ப்பதற்கு யார் காரணம்? பின்னணிதான். 'பாம்பி' (1942) படத்தின் தொடக்கக் காலத்தில் டிஸ்னி ஓவியர்கள் காட்டை இலை இலையாக வரைந்தார்கள். மான் அந்த இலைகளுக்குள் தொலைந்துபோனது. சீனாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்த டைரஸ் வோங், 1938-இல் டிஸ்னியில் இடைப்படம் வரைபவராகச் சேர்ந்திருந்தார். சோங் காலத்துச் சீன நிலக்காட்சி ஓவியங்களில் ஊறியவர். மரங்களைப் பனியில் கரையவிட்டு, நடுவில் ஒரு வெளிச்சத்தை மட்டும் திறந்துவைத்து அவர் தீட்டிய மாதிரிகள் படத்தின் போக்கையே மாற்றின. இலைகள் போனதும் மான் தெரிந்தது. பின்னணியை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்ல வைக்கும் அளவுக்கு அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

இதன் அடியில் இருப்பது ரசனை சார்ந்த விஷயம் அல்ல, கண்ணின் இயல்பு. பாரிஸ் கோபலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலர் செவ்ரோலிடம், கறுப்புச் சாயத்தில் வலு இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்தன. பக்கத்து நிறம் மாறினால் ஒரு நிறமே மாறித் தெரியும் என்று 1839-இல் அவர் நூலாகவே எழுதினார். இதை ஏற்றுக்கொண்டால், பின்னணி இல்லாமல் பாத்திரத்தின் நிறத்தை இறுதி செய்வது அர்த்தமற்றது. வெள்ளைத் திரையில் வைத்துத் தேர்ந்தெடுத்த மாநிறத் தோல், செம்மண் சுவருக்கு முன்னால் வந்ததும் காணாமல் போகும். அப்போது பாத்திரத்தைச் சுற்றிக் கனத்த கோடு போடுவார்கள், பின்னணியை மங்கலாக்குவார்கள். இரண்டும் தாமதத்துக்குக் கட்டும் அபராதம்.

எதிர்த்தரப்பு இங்கே 'ஸ்லீப்பிங் பியூட்டி'யை (1959) நினைவூட்டும். ஐவிண்ட் ஏர்ல் தீட்டிய நுணுக்கமான பின்னணிகள் தங்கள் பாத்திரங்களை அமுக்குகின்றன என்று அனிமேட்டர்களே குறைபட்டார்கள். நியாயமான குறைதான். அந்தப் பின்னணிகளின் செங்குத்துக் கோடுகளுக்கு ஏற்பப் பாத்திர வடிவங்களையும் கூர்மையாக்கிய பிறகே படம் ஒருமை பெற்றது. பின்னணியும் பாத்திரமும் ஒரே மேசையில் சேர்ந்து பிறக்க வேண்டும் என்பதற்குத்தான் இது சான்று. பின்னணியைத் தள்ளிப்போட இதில் ஓர் ஆதரவும் இல்லை.

2. பணம் இல்லை என்பது

பணம் இல்லாதவர்தான் முதலில் பின்னணியைப் பிடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து நிமிடப் படம் 600 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம், இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்ற வழக்கமான கணக்கில் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 7200 படங்கள். சராசரியாக ஒரு ஷாட் ஐந்து விநாடி என்றால் மொத்தம் 120 ஷாட். ஒவ்வொன்றுக்கும் தனிப் பின்னணி தீட்டினாலும் 120 ஓவியங்கள். அதே கோணம் திரும்ப வருவதால் உண்மையில் இன்னும் குறையும். ஒரு பின்னணிக்குப் பத்துப் படங்களின் உழைப்பு ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், அது 1200 படங்களுக்குச் சமம். அசைவுக்கு ஆகும் உழைப்பில் ஆறில் ஒரு பங்கு. அசைவுப் படம் ஒன்று திரையில் இருப்பது விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம். பின்னணி ஐந்து விநாடி முழுவதும் இருக்கிறது. குறைந்த உழைப்பில் அதிக நேரம் திரையில் நிற்கும் ஒரே பொருளைக் கடைசிக்குத் தள்ளுவது எந்த வகைச் சிக்கனம்?

நல்ல பின்னணி அசைவையும் மிச்சப்படுத்தும். வெளிச்சமும் இடமும் பேசும் காட்சியில் பாத்திரம் அசையாமல் நிற்கலாம். பார்ப்பவர் பொறுமையாகப் பார்ப்பார். பேசாத பின்னணிக்கு முன்னால் நிற்கும் பாத்திரம்தான் ஓயாமல் கையாட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பின்னணி என்றாலே நுணுக்கமான, செலவுபிடித்த ஓவியம் என்ற குழப்பமும் இங்கே ஒளிந்திருக்கிறது. யுபிஏ ஸ்டூடியோவின் 'ஜெரால்ட் மெக்போயிங்-போயிங்' (1950) ஏழெட்டு நிமிடப் படம். பல காட்சிகளில் சுவருக்கும் தரைக்கும் ஒரே நிறம். நடுவே கோடுகூட இல்லை. வார்த்தைக்குப் பதில் ஓசைகளை மட்டும் எழுப்பும் சிறுவனின் மனநிலை மாற மாற அந்தத் தட்டையான நிறம் மாறுகிறது. அது ஆஸ்கர் வென்றது. பிரேசிலின் ஆலே அப்ரெயு 'பாய் அண்ட் தி வேர்ல்ட்' (2013) படத்தை வெறும் வெள்ளைத் தாளில் தொடங்குகிறார். சிறுவன் பார்க்கப் பார்க்கக் கிரேயான் கோடுகளும் நிறங்களும் தாளில் சேர்கின்றன; நகரத்துக்கு வந்ததும் பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய நெரிசலாகிறது. புரியக்கூடிய வசனம் ஏறக்குறைய இல்லாத அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இவர்களுக்கும் பணம் குறைவுதான். வண்ணத்தைப் பற்றிய முடிவுகளில் அவர்கள் குறை வைக்கவில்லை.

3. முதலில் கதை, பிறகு வண்ணம் என்பது

கதை முடிந்த பிறகு வண்ணம் எங்கிருந்து வரும்? ஃப்ரெடரிக் பாக்கின் 'தி மேன் ஹூ பிளான்டட் ட்ரீஸ்' (1987) படத்திலிருந்து வண்ணத்தை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். வறண்ட மலைநாட்டில் ஒரு மேய்ப்பர் ஆண்டுக்கணக்காக மரம் நடுகிறார், நிலம் உயிர்பெறுகிறது. தொடக்கத்தில் நிலமும் மனிதரும் வெளிறிய பழுப்புக் கோடுகள். மரங்கள் வளர வளரத்தான் நிறங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் வருகின்றன. அங்கே நிகழ்வே நிறம்தான்.

கீதாஞ்சலி ராவின் 'பிரிண்டெட் ரெயின்போ' (2006) இன்னும் நமக்கு நெருக்கம். பெரும்பாலும் தனியாளாக அவர் செய்த குறும்படம். தனிமையில் வாழும் ஒரு மூதாட்டி, துணைக்கு ஒரு பூனை. அடுக்குமாடி வாழ்க்கை முழுவதும் சாம்பல் நிறம். அவர் சேர்த்துவைத்திருக்கும் தீப்பெட்டிகளின் லேபிள் படங்களுக்குள் நுழையும்போதுதான் உலகம் நிறம் கொள்கிறது. சிவகாசி, கோவில்பட்டி தீப்பெட்டிகளைக் கையில் வைத்து வளர்ந்த நமக்கு அந்த மஞ்சளும் சிவப்பும் வேறு விளக்கம் இல்லாமலே புரியும். இந்தப் படத்துக்குக் 'கடைசியில் கலர் போடுவது' என்றால் என்ன பொருள்? கலர் போடும்வரை அங்கே கதையே இல்லை.

நீளப் படத்திலும் இதே உண்மைதான். அயர்லாந்தின் கில்கெனியில் இயங்கும் கார்ட்டூன் சலூன் எடுத்த 'உல்ஃப்வாக்கர்ஸ்' (2020) 1650-ஆம் ஆண்டில் அதே ஊரில் நடக்கிறது. நகரத்தை மரக்கட்டை அச்சுப்படம்போல விறைத்த கோணங்களிலும் அடங்கிய நிறங்களிலும் வரைந்தார்கள். காடு, பென்சில் கோடு வெளியே தெரியும் நீர்வண்ணம். சிறுமி ராபின் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பது வசனம் வருவதற்கு முன்பே சுவர்களிலும் மரங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. யூரி நார்ஸ்டைனின் 'ஹெட்ஜ்ஹாக் இன் தி ஃபாக்' (1975) பத்து நிமிடப் படம். மனைவி ஃபிரான்செஸ்கா யார்புசோவா தீட்டிய உருவங்களைக் கண்ணாடி அடுக்குகளில் வைத்து, மெல்லிய தாளை மேலே இட்டு மெதுவாகக் கேமராவை நோக்கி உயர்த்திப் பனிமூட்டத்தை உருவாக்கினார். முள்ளெலியின் பயமும் வியப்பும் அந்தப் பனியிலிருந்தே பிறக்கின்றன. பின்னணியே அங்கே எதிர்ப்பாத்திரம்.

நமது கவிதை மரபு இதை எப்போதோ கண்டுகொண்டது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைக்கிறது. முல்லைக்குக் கார்காலத்து மாலை, குறிஞ்சிக்குக் கூதிர்காலத்து யாமம், பாலைக்கு வேனிற்காலத்து நண்பகல். காத்திருப்பவளை மழைக்கால மாலை ஒளியிலும் பிரிவை நிழலற்ற உச்சிவெயிலிலும் வைத்த அந்தத் திட்டம், உணர்ச்சிக்கு இடமும் வெளிச்சமும் குறித்துத் தரும் திட்டமே. இந்த மரபில் வந்தவர்கள் பின்னணியைக் கடைசி வேலை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

4. ஸ்டோரிபோர்டு மாறினால் எல்லாம் வீண் என்பது

முழு ஓவியத்தை முதல் நாளே தீட்டச் சொன்னவர் யார்? இந்த வாதம் இரண்டு வேறு வேலைகளை ஒன்றாக்கிவிடுகிறது. வண்ணத்தைப் பற்றி முடிவெடுப்பது ஒரு வேலை. இறுதிப் பின்னணியைத் தீட்டி முடிப்பது இன்னொரு வேலை. முதலாவதற்குக் கலர் ஸ்கிரிப்ட் இருக்கிறது: படத்தின் ஒவ்வொரு முக்கியத் தருணத்துக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு சிறு வண்ணப்படம், எல்லாம் வரிசையாக ஒரே பலகையில். 'டாய் ஸ்டோரி'க்கு (1995) ரால்ஃப் எகில்ஸ்டன் இப்படிச் செய்தார். பிறகு பிக்ஸாரில் அது வழக்கமாகவே நிலைத்தது.

சிறிய குழு இதை இன்னும் எளிதாகச் செய்யலாம். பத்து நிமிடப் படத்துக்கு இருபது முப்பது கட்டங்கள் போதும். முதலில் கறுப்பு, வெள்ளை, நடுச்சாம்பல் என்ற மூன்றே அளவில் வரைந்து, பாத்திரம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சாம்பலில் தெரியாத பாத்திரத்தை எந்த நிறமும் காப்பாற்றாது. பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நான்கு நிறங்கள். ஸ்டோரிபோர்டில் ஒரு காட்சி போனால் ஒரு கட்டம் போகும்; நட்டம் அரை மணி நேரம். லேஅவுட் உறுதியான பிறகு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு முதன்மைப் பின்னணியைத் தீட்டி, மற்றவற்றை அதை அளவாக வைத்துச் செய்ய வேண்டும். இந்த வரிசையில் வீணாவது மிகக் குறைவு. கடைசியில் கலர் போடும் முறையில்தான் பெரிய வீண் நேர்கிறது: இரவாக இருந்திருக்க வேண்டிய காட்சி பகலாக அசைவூட்டப்பட்டுவிட்டது என்று அப்போதுதான் தெரியவருகிறது.

5. கிரேடிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்பது

நிழல் விழும் திசையை எந்தக் கிரேடிங் திருப்பும்? ஜன்னல் இடப்பக்கம் இருக்க, பாத்திரத்தின் முகத்தில் வெளிச்சம் வலப்பக்கம் தீட்டப்பட்டிருந்தால், நிறத்தைச் சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் அந்தப் பிழை அப்படியே நிற்கும். கிரேடிங் ஒட்டுமொத்தச் சாயலை நகர்த்தும். உறவுகளைப் புதிதாக உருவாக்காது. படப்பிடிப்பில் கேமராவுக்கு முன்னால் உண்மையான வெயிலும் உண்மையான சுவரும் ஏற்கெனவே இருக்கின்றன. கிரேடிங் அவற்றின் மேல் வேலை செய்கிறது. அனிமேஷனில் வெயிலே கிடையாது, யாராவது வரைந்தால்தான் உண்டு. நடிகர் படத்தின் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து பொருத்துவது அடிப்படையிலேயே பிழை.

6. குச்சி மனிதர்களே போதும் என்பது

ஹெர்ட்ஸ்ஃபெல்ட்டின் படத்தை ஒருமுறை பின்னணிக்காக மட்டும் பாருங்கள். 'வேர்ல்ட் ஆஃப் டுமாரோ' (2015) படத்தில் குச்சி உருவங்கள் நிற்பது, மின்னும் கோடுகளும் வடிவங்களும் நிறைந்த எதிர்கால வெளியில். அந்த வெளி இல்லாமல் சிறு குழந்தையின் சிறுமையும் வருங்காலத்தின் விசித்திரமும் இல்லை. பாத்திரத்தை எளிமையாக்கியவர், அதன் சுமையை உலகத்தின் மேல் ஏற்றினார். 'பெர்செபொலிஸ்' (2007) நினைவுகளைக் கறுப்பு வெள்ளையிலும் நிகழ்காலத்தை வண்ணத்திலும் வைத்தது. வண்ணத்தைக் கைவிடுவதும் வண்ணத்தைப் பற்றிய முடிவுதான், அதுவும் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு. எளிமையை இவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நேரம் தீர்ந்துபோய் வெறுமையாக விடப்பட்ட பின்னணிக்கு இவர்கள் பெயரைச் சொல்லிச் சமாதானம் தேடக் கூடாது.

7. இயந்திரம் தந்துவிடும் என்பது

எந்தப் படத்தைத் தரும்? ஓர் அழகான படத்தை அது தரலாம். திரைப்படத்துக்கு வேண்டியது ஒரே உலகத்தைச் சேர்ந்த நூறு படங்கள். அதே திண்ணை மூன்று கோணங்களில் வர வேண்டும். தூண் தன் இடத்தில் இருக்க வேண்டும். முன்னால் ஒரு லேயர், நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று எனப் பிரிந்து, பாத்திரம் நடுவே நடக்க வழி இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் நாளை அது கற்றுக்கொள்ளட்டும். அப்போதும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். பொழுது எது, வெளிச்சம் எங்கிருந்து, இந்தக் காட்சியில் எது மறைய வேண்டும் என்ற முடிவுகளை எடுக்காதவர், பொதுவான அழகு ஒன்றைப் பெற்றுக்கொண்டு திரும்புவார்.

அந்தப் பொதுவான அழகு ஏற்கெனவே நம்மைப் பிடித்திருக்கிறது. இங்கே எடுக்கப்படும் பல குறும்படங்களில் கதை நம் ஊரில் நடக்கிறது, இலையோ ஐரோப்பிய இலையுதிர்காலத்தில் உதிர்கிறது. தூத்துக்குடி உப்பளத்தின் கண் கூசும் வெள்ளை எங்கே? ராமநாதபுரத்துக் கருவேலங்காட்டின் சாம்பல் பச்சை எங்கே? உச்சிவெயிலில் புளியமரத்தடி நிழல் நீலம் பாரித்துத் தெரிவதை யார் தீட்டியிருக்கிறார்கள்? 1990-களின் சென்னைத் தெரு சோடியம் விளக்கின் ஆரஞ்சில் இருந்தது, இன்றைய தெரு எல்இடி வெள்ளையில் இருக்கிறது. அந்த ஒரு நிற மாற்றம் வசனமே இல்லாமல் காலத்தைச் சொல்லிவிடும். இவை எந்தத் தயார் தொகுப்பிலும் கிடைக்காது. நோட்டுப் புத்தகத்தோடு வெயிலில் போய் உட்கார்ந்து வரைந்தால்தான் கிடைக்கும், அதற்குப் படத்தின் தொடக்கத்தில்தான் நேரம் இருக்கும்.

இந்தப் பிழைக்கு விலை கொடுப்பவர் யார்?

முதலில் கலைஞர். 'பாம்பி'யின் முகத்தையே மாற்றிய டைரஸ் வோங்கின் பெயர் படத்தில் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டும் வந்தது. படம் வெளிவரும் முன்பே, டிஸ்னியில் நடந்த 1941 வேலைநிறுத்தத்தை ஒட்டி அவர் வேலையையும் இழந்தார். டிஸ்னி நிறுவனம் அவருக்குப் பெரிய கௌரவம் அளித்தது 2001-இல், அவர் தொண்ணூறைக் கடந்த பிறகு. வண்ணம் நிரப்பும் வேலை என்று நம்பும் இடத்தில் வண்ணக் கலைஞருக்குக் கூலியும் கடைசி, பெயரும் கடைசி. அடுத்தது மாணவர்: ஓடும் பந்தையும் நடக்கும் உருவத்தையும் மாதக்கணக்கில் பயின்றவருக்கு, ஒரு சுவரில் மாலை வெயில் எப்படி விழும் என்று பார்க்க ஒரு வாரம்கூடக் கிடைப்பதில்லை. கடைசியாகப் படம்: எங்கும் நடக்கக்கூடியதாக, அதனாலேயே எங்கும் நடக்காததாக ஆகிவிடுகிறது.

ஆகவே என் கோரிக்கைகள் நேரடியானவை. ஸ்டோரிபோர்டின் முதல் கட்டம் வரையும் வாரத்திலேயே கலர் ஸ்கிரிப்ட்டும் தொடங்கட்டும். வண்ணத்துக்குப் பொறுப்பானவர் திரைக்கதை பேசும் அறையில் உட்காரட்டும். அவர் பெயர் இயக்குநர் பெயருக்கு அருகில் வரட்டும். நிதி கேட்டு வரும் படத்திடம் கதைச்சுருக்கத்தோடு வண்ணத் திட்டத்தையும் கேட்கட்டும் பணம் கொடுப்பவர்கள். பாத்திர அசைவுக்கு ஒதுக்கும் வகுப்பு நேரத்தில் பாதியையாவது வெளிச்சத்துக்கும் இடத்துக்கும் ஒதுக்கட்டும் பயிற்சி நிலையங்கள்.

கதையை முதலில் முடியுங்கள் என்பவர்களிடம் எனக்குப் பகை இல்லை. முடிந்தது என்று எப்போது சொல்லலாம் என்பதில்தான் சண்டை. தன் பாத்திரம் எந்த ஊரில், எந்தப் பொழுதில், எந்த வெளிச்சத்தில் அழுகிறது என்று சொல்லத் தெரியாதவர் இன்னும் கதையை முடிக்கவில்லை.